கூடு இருக்கும் மரத்தடியில் கொத்து விழுமா? வாசகர் கேள்வி-பதில்

கோடை பிறந்ததும் காக்கை தலையில் தட்டுகிறது, பூனை குஞ்சைத் தூக்கிவிட்டது, மாடியில் ஏதோ பறவை முட்டையிட்டிருக்கிறது என்று கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: எங்கள் மாமனாரை ஒரு காக்கை தினமும் தலையில் தட்டுகிறது. வாசல் வேப்பமரத்தைத் தாண்டும்போதுதான் இப்படி. மற்றவர்களை ஒன்றும் செய்வதில்லை. சனி தோஷம், திருநள்ளாறு போய் வாருங்கள் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். அவருக்கு 74 வயது. வெளியே போகவே பயப்படுகிறார். – வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: கோயிலுக்குப் போவது உங்கள் விருப்பம். அதற்கு முன் ஜன்னல் வழியாக அந்த வேப்பமரத்தின் மேல்கிளைகளைப் பாருங்கள். குச்சியும் இரும்புக் கம்பியும் கலந்து கட்டிய ஒரு கூடு அங்கே இருக்கும். காக்கை காரணமில்லாமல் யார் தலையையும் தட்டாது. ஒன்று மேலே கூட்டில் குஞ்சு இருக்க வேண்டும், இல்லை பறக்கத் தெரியாத குஞ்சு பக்கத்துச் சுவரிலோ செடிக்குள்ளோ உட்கார்ந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காக்கை 16, 17 நாள் அடைகாக்கும். பொரித்த குஞ்சு மூன்று முதல் நான்கு வாரம் கூட்டில் இருக்கும். முட்டையாக இருக்கும்போது தாய் தகப்பனுக்கு அவ்வளவு ஆவேசம் வராது. குஞ்சு வளர வளர ஆவேசமும் வளரும். கூட்டில் கடைசி வாரமும் கூட்டைவிட்டு இறங்கிய முதல் வாரமும்தான் உச்சம். ஆகவே அடி விழத் தொடங்கிவிட்டது என்றால் பெரும்பாலும் இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிடும். இதை மாமனாரிடம் சொல்லுங்கள். முடிகிற தேதி தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

அவரை மட்டும் ஏன்? காக்கைக்கு முகம் நினைவிருக்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006-இல் ஆதிமனித முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்தார்கள், காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அதன்பின் அந்த முகமூடியை வேறு யார் அணிந்து நடந்தாலும் காகங்கள் சூழ்ந்து கத்தின. பல ஆண்டுகள் அது தொடர்ந்தது. அது அமெரிக்கக் காகம். நம்மூர்க் காக்கையிடமும் இதே குணத்தைத் தெருவில் பார்க்கலாம். உங்கள் மாமனார் எப்போதாவது கீழே விழுந்த குஞ்சைக் கையில் எடுத்திருக்கலாம், கிளையை வெட்டச் சொல்லி மேலே கை காட்டியிருக்கலாம், 'சூ' என்று குச்சியை ஓங்கியிருக்கலாம். எடுத்த குஞ்சைக் காப்பாற்றத்தான் எடுத்தார் என்பது காக்கைக்குத் தெரியாது.

இனி அவர் குடை விரித்துக்கொண்டு போகட்டும். காக்கை பின்னாலிருந்து வந்து காலால்தான் தட்டும், குடை விரிந்திருந்தால் தலை கிடைக்காது. குடை வேண்டாமென்றால் துண்டைத் தலையில் நாலு மடிப்பாகக் கட்டிக்கொள்ளலாம். மரத்தடியை விட்டு 15, 20 மீட்டர் சுற்றிப் போக வழியிருந்தால் அதுவே மேல். அண்ணாந்து கூட்டைப் பார்க்க வேண்டாம், ஓட வேண்டாம், கையை வீச வேண்டாம். ஓடினால் துரத்தும். வீசினால் அடுத்த வருடமும் அவரை நினைவு வைத்திருக்கும்.

தலையில் கீறல் விழுந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ரத்தம் வந்திருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகள் வழியாகப் பரவுவது, பறவைக் கீறலுக்கு வெறிநோய்த் தடுப்பூசி தேவையில்லை. கூட்டைக் கலைக்க ஆள் கூப்பிடாதீர்கள். கலைத்தால் தெரு முழுக்கக் காக்கைகள் கூடும், அடி எல்லோருக்கும் விழும். அந்தக் கூட்டில் வளர்வது குயில் குஞ்சாகவும் இருக்கலாம். தன் குஞ்சென்று நம்பி ஊட்டுகிற காக்கை அதற்காகவும் இதே அளவு சண்டை போடும்.

கேள்வி: இரண்டாவது மாடி பால்கனியில் தொங்கும் மணி பிளான்ட் தொட்டிக்குள் கொண்டைக்குருவி மூன்று முட்டை இட்டிருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றலாமா? பக்கத்து வீட்டுப் பூனை சன்ஷேடு வழியாக வந்து உட்கார்ந்து பார்க்கிறது. தொட்டியை உள்ளே எடுத்து வைக்கவா? – வாசகர், மதுரை

பதில்: உள்ளே எடுக்காதீர்கள். நாலு அடி தள்ளி மாட்டினாலும் தாய் குழம்பும், அறைக்குள் கொண்டுபோனால் கூடு கைவிடப்பட்டது போலத்தான். தண்ணீர் ஊற்றலாம். தாய் இரைக்குப் போன நேரம் பார்த்து, வெயில் ஏறிய பிறகு, நீள மூக்கு வைத்த பாட்டிலால் தொட்டியின் ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். கூட்டின் அடி நனையக் கூடாது. இரண்டு நாளைக்கு ஒரு முறை அரை டம்ளர் போதும், மணி பிளான்ட் அதில் பிழைத்துக்கொள்ளும். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் ஒரு கோடை மழையிலேயே குஞ்சு மூழ்கிவிடும்.

இனி பூனை. பூனை நின்ற இடத்திலிருந்து ஐந்து, ஆறு அடி உயரம் தாவும். ஏறி நிற்க ஒரு இடம் கிடைத்தால் அங்கிருந்து மறுபடி ஐந்தடி. ஆகவே தொட்டியைச் சுற்றி ஆறடிக்குள் இருக்கும் நாற்காலி, வாஷிங் மெஷின், மடக்குக் கட்டில், துணி காயப்போடும் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் இன்றே அகற்றுங்கள். கிரில் கம்பியில் பூனை நகம் பதித்து ஏறும். பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை வழவழப்பான பக்கம் வெளியே தெரியும்படி கிரில்லின் வெளிப்புறத்தில், கீழிருந்து நாலடி உயரத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். மேலே ஒன்றரை அடியாவது திறந்திருக்க வேண்டும், பறவைக்கு அதுதான் வாசல். கட்டும் வேலை பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். முடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, அரை மணிக்குள் தாய் திரும்பி உட்காருகிறதா என்று திரைக்குப் பின்னாலிருந்து பாருங்கள். வரவில்லை என்றால் பேனரைப் பாதியாக இறக்குங்கள்.

நைலான் வலை வேண்டவே வேண்டாம். தாய்ப்பறவையின் காலும் சிறகும் அதில் சிக்கும். பாச்சை உருண்டை, மிளகாய்ப் பொடி, பினாயில் போன்றவற்றையும் வைக்காதீர்கள். பாச்சை உருண்டை பூனைக்கும் விஷம், அந்த ஆவி குஞ்சுக்கும் ஆகாது.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அதே பால்கனியில் காக்கைக்குச் சோறு வைக்கிறீர்களா? வைத்தால் கொண்டைக்குருவியின் முட்டைக்கு நீங்களே ஆள் அழைப்பது போல. பூனையைவிடக் காக்கையும் செம்போத்தும் தின்னும் முட்டைதான் அதிகம், அணிலும் விட்டுவைக்காது. குஞ்சுகள் போகும்வரை சோற்றை மொட்டை மாடியின் எதிர் மூலையில் வையுங்கள். கைப்பேசியோடு நாளுக்கு நாலு தடவை எட்டிப் பார்ப்பதும் இதே ஆபத்துதான். நீங்கள் எங்கே எட்டிப் பார்க்கிறீர்கள் என்பதைக் காக்கை கவனிக்கிறது.

முட்டை பொரிய இரண்டு வாரத்துக்குள் ஆகும். அதன்பின் பத்துப் பன்னிரண்டு நாளில் குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கும், ஆனால் சரியாகப் பறக்காது. பூனைக்கு மிகச் சுலபமான வாரம் அதுதான். பக்கத்து வீட்டாரிடம் இப்போதே நல்லபடியாகப் பேசி, அந்த ஒரு வாரம் மட்டும் பூனையைக் காலையும் மாலையும் உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் கேட்டால் முடியாது என்பார்கள். ஒரு வாரம் என்றால் ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி: எங்கள் பூனை பறவை பிடிக்கிறது. மணி கட்டினால் போதுமா? – வாசகி, சென்னை

பதில்: மணியை மட்டும் நம்ப முடியாது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 219 வீடுகளில் இருந்த 355 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. மணி கட்டியதால் குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை. இறைச்சிப் புரதம் அதிகமுள்ள, தானியம் சேராத உணவு கொடுத்த வீடுகளில் பூனை பிடித்து வந்தவை 36 சதவீதம் குறைந்தன. தினமும் 5 முதல் 10 நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தன. கழுத்துப்பட்டையின் மேல் பளீர் நிறத் துணி உறை போட்டபோது பிடிபட்ட பறவைகள் மட்டும் 42 சதவீதம் குறைந்தன, பறவைக்கு நிறம் நன்றாகத் தெரியும் என்பதால். எலிக்கு அந்த உறையால் வித்தியாசம் இல்லை.

நம் வீட்டுப் பூனைகளில் பல தயிர்சாதத்திலும் பால்சோற்றிலும் வளர்கின்றன. பூனை இறைச்சி தின்னும் பிராணி, சோற்றில் அதன் தேவை தீராது. வேகவைத்த மீனோ கோழியோ, உப்பும் மசாலாவும் எலும்பும் இல்லாமல், காலையில் வெளியே விடும் முன்பே கொடுத்துவிடுங்கள். நீளக் குச்சியின் நுனியில் துணித்துண்டு கட்டித் தரையில் இழுத்து, கடைசியில் அதைப் பிடிக்கவிடுங்கள். பிடிக்காமலே முடிந்தால் அதன் வேட்டை ஆசை தீராது. சிவப்பும் மஞ்சளும் கலந்த பருத்தித் துணியில் இரண்டு அங்குல அகலத்தில் உறை தைத்துப் பட்டையின் மேல் மாட்டலாம். பட்டை இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும் வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளையில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். கருத்தடை செய்துவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பூனை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை குட்டி போடும், அத்தனையும் அதே தெருவில்தான் வேட்டையாடும்.

கேள்வி: மதில்மேல் பூனை போனாலே மைனாக்கள் கூடிக் கத்துகின்றன. பூனையைக் கொத்திவிடுமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: வாலில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் பறக்கும், அவ்வளவுதான். பூனைக்குக் காயம் படுவது அபூர்வம். பதுங்கிப் பிடிக்கும் பிராணியை ஊரறியக் காட்டிக்கொடுத்துவிட்டால் அதன் வேட்டை முடிந்தது, மைனா கத்துவது அதற்குத்தான். கூச்சலை நிறுத்தப் பார்க்காமல் பூனையை உள்ளே கூப்பிடுங்கள்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: மைனா, கொண்டைக்குருவி, அணில் மூன்றும் சேர்ந்து தரையில் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால் அங்கே பாம்பு இருக்கலாம். செருப்பில்லாமல் போகாதீர்கள்.

மைனா பொந்தில் கூடு வைக்கும். ஏசி குழாய் போகும் துளையில் வைத்திருந்தால் அடைகாக்க 17, 18 நாள், குஞ்சு வெளியேற மேலும் மூன்று வாரத்துக்கு மேல், ஆக ஏறக்குறைய 40 நாள் பொறுக்க வேண்டும். எல்லாம் பறந்தபின் குப்பையை எடுத்துவிட்டுக் கம்பி வலையால் துளையை மூடுங்கள். உள்ளே உயிர் இருக்கும்போது சிமென்ட் பூசி அடைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

கேள்வி: கோடை உழவுக்கு டிராக்டர் வரப்போகிறது. நிலத்தின் நடுவில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டுக் கிட்டேயே விடாமல் கத்துகிறது, தலைக்கு மேல் பாய்கிறது. முட்டையை எடுத்து வரப்பில் வைத்துவிடலாமா? – வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: வரப்பில் வைத்தால் ஆள்காட்டி அதைத் தன் முட்டையாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. கூட்டை இருக்கும் இடத்திலேயே விட்டு உழுவதுதான் வழி, அதற்கு ஆகும் நிலம் மிகக் குறைவு.

முதலில் கூட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பறவை அதிகம் கத்தும் இடத்தில் கூடு இருக்காது. சற்றுத் தள்ளி இறங்கிக் கத்தி, உங்களைத் தன் பின்னால் இழுக்கும். நீங்கள் வரப்பிலோ மரத்தடியிலோ ஒதுங்கி உட்கார்ந்தால் பத்திருபது நிமிடத்தில் அது நடந்தே திரும்பிப்போய், ஒரு இடத்தில் உடம்பை இரண்டு பக்கமும் அசைத்து அமரும். அதுதான் கூடு. பெயருக்கு ஒரு சிறு குழி, ஓரத்தில் பொடிக்கல்லும் ஆட்டுப் புழுக்கையும், பெரும்பாலும் நான்கு முட்டை, கூர்முனை உள்நோக்கி. மண்ணின் நிறத்தில் கரும்புள்ளி போட்டிருக்கும். எங்கே என்று தெரியாமல் நடந்தால் மிதித்துவிடுவீர்கள்.

கூட்டிலிருந்து நான்கு பக்கமும் ஒன்றரை மீட்டர் தள்ளி முழங்கால் உயரக் குச்சி நான்கு நடுங்கள். துணி, சுண்ணாம்பு, பிளாஸ்டிக் பை கட்ட வேண்டாம், அந்த அடையாளத்தை நாயும் காக்கையும் கற்றுக்கொள்ளும். டிராக்டர் ஓட்டுநரை நேரில் கூட்டிப்போய்க் குச்சியைக் காட்டுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடும். விடப்படும் நிலம் 9 சதுர மீட்டர், கால் சென்ட் கூட இல்லை. உழவை அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் தாயை எழுப்பிவிட்டால் முட்டை வெயிலில் வெந்துவிடும். கோடையில் ஆள்காட்டி அருகிலுள்ள நீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவது அந்தச் சூட்டுக்காகத்தான். முட்டை பொரிய 28 முதல் 30 நாள் ஆகும். பொரித்த குஞ்சு அன்றோ மறுநாளோ கூட்டைவிட்டு நடந்துவிடும், அதன்பின் குச்சியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தையும் உழுதுகொள்ளலாம்.

மொட்டை மாடியில் ஆள்காட்டி முட்டையிட்டிருப்பதாகவும் இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. அங்கே முக்கியமான வேலை மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் சிறு கண் கம்பி வலை வைப்பது. நடக்கத் தொடங்கிய குஞ்சு சுவரோரமாகவே ஓடும், நேராகக் குழாய்க்குள் விழும். ஒரு பலகையைச் செங்கல் மேல் சாய்த்து நிழல் செய்யுங்கள், அரை அங்குல ஆழத் தட்டில் தண்ணீர் வையுங்கள். குஞ்சுக்குத் தாய் ஊட்டாது, பூச்சியைத் தானே பொறுக்க வேண்டும். சிமென்ட் தளத்தில் பூச்சி கிடைக்காது. ஆகவே எல்லாம் பொரித்ததும் குஞ்சுகளை ஒரே அட்டைப்பெட்டியில் எடுத்து, தாய் பார்க்கும்படி, படி வழியாக இறக்கி அருகிலுள்ள புல்வெளியில் விட்டு உடனே விலகிவிடுங்கள். குடையோ ஹெல்மெட்டோ இல்லாமல் இந்த வேலைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: பூனை வாயிலிருந்து ஒரு குஞ்சைப் பிடுங்கிவிட்டேன். நடக்கிறது, காயம் எதுவும் தெரியவில்லை. மரத்தில் விட்டுவிடலாமா? – வாசகி, புதுச்சேரி

பதில்: விடாதீர்கள். பூனையின் பல் ஊசி போலத் துளைக்கும், இறகுக்கு அடியில் துளை தெரியாது. அதன் எச்சிலில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி சிறு பறவையை ஓரிரு நாளில் கொன்றுவிடும். 24 மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்க வேண்டும். மருந்தின் பெயரும் அளவும் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டியவை, வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கரைத்து ஊற்றாதீர்கள்.

மூடியுள்ள அட்டைப்பெட்டியில் பென்சில் தடிமனில் பத்துத் துளை போட்டு, அடியில் பருத்தித் துணி விரித்துக் குஞ்சை வையுங்கள். இருட்டும் அமைதியும்தான் முதலுதவி. வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரமாக வைத்தால் கதகதப்பு போதும். வாயில் தண்ணீர் விடாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பால், சோறு, பிரெட் எதுவும் வேண்டாம்.

உங்களைப் பூனை கீறியதா? கீறியிருந்தால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போடத் தொடங்குங்கள். வீட்டுப் பூனைதானே என்று விட வேண்டாம். காக்கை கீறலுக்குச் சொன்னது பூனைக்குப் பொருந்தாது.

பூனை தொடாத, வெறுமனே கீழே கிடக்கும் குஞ்சு வேறு கதை. இறகு மூடி, வால் குட்டையாக, விரலை நீட்டினால் இறுகப் பிடித்து நின்றால் அது கூட்டைவிட்டு இறங்கிய குஞ்சு. பக்கத்துப் புதரில் உயரமாக வைத்துவிட்டு விலகுங்கள், தாய் அருகிலேயே இருக்கும். இறகு முளைக்காத குஞ்சென்றால் கூட்டில் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. கூடு பிய்ந்துபோயிருந்தால் பெரிய தேங்காயின் கொட்டாங்குச்சியில் அடியில் மூன்று துளை போட்டு, தேங்காய் நார் திணித்து, பழைய கூட்டுக்கு ஒரு மீட்டருக்குள் நிழலில் கட்டுங்கள். பஞ்சும் நூலும் வேண்டாம், குஞ்சின் காலில் சுற்றி இறுகும். பத்து மீட்டர் தள்ளி நின்று இரண்டு மணி நேரம் பாருங்கள். தாய் வரவில்லை என்றால்தான் வனத்துறையையோ, சென்னையில் இருப்பவர்கள் புளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்பையோ அழைக்க வேண்டும்.

கேள்வி: கரிச்சான் (இரட்டைவால் குருவி) பருந்தையே துரத்துகிறது. தோட்டத்து மரத்தில் கூடு வைத்திருக்கிறது. குழந்தைகளைக் கொத்துமோ? – வாசகர், ஈரோடு

பதில்: மரத்தில் ஏறினால் கொத்தும், அடியில் விளையாடினால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. காக்கை, பருந்து, பூனை எது வந்தாலும் விரட்டுவதால் அதே மரத்திலும் பக்கத்து மரத்திலும் புறாவும் மாங்குயிலும் கொண்டைக்குருவியும் வந்து கூடு வைக்கும். தோட்டத்துக்கு இதைவிட நல்ல காவல் கிடைக்காது. வயலில் ஏக்கருக்கு இருபது டி வடிவக் குச்சிகள் நட்டால் அதில் உட்கார்ந்து பூச்சியும் பிடிக்கும். நெல் கதிர் முற்றும்போது குச்சிகளை எடுத்துவிடுங்கள், கதிர் தின்னும் பறவைகளும் அதில் அமரும்.

கேள்வி: இங்கே மாக்பை பறவை சைக்கிளில் போகும் மகனைத் துரத்துகிறது. ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளை முள் மாதிரி குத்திக்கொண்டு போகிறார்கள். அது பயன்படுமா? – வாசகி, மெல்போர்ன்

பதில்: பெரிதாகப் பயன்படாது. ஆஸ்திரேலிய மாக்பை ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை கூடு காக்கும். பாய்வது ஏறக்குறைய எல்லாமே ஆண் பறவைகள், அவற்றிலும் சிறு பகுதிதான். சில நடந்து போகிறவர்களை மட்டும் துரத்தும், சில சைக்கிளை மட்டும். உங்கள் மகனைத் துரத்துவது சைக்கிள் பிடிக்காத பறவையாக இருந்தால், அந்த மரத்துக்கு நூற்றைம்பது மீட்டர் முன்பே இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும், பெரும்பாலும் விட்டுவிடும். கண்ணாடி கட்டாயம் அணியட்டும், கண்ணில் படும் கொத்துதான் அங்கே உண்மையான ஆபத்து. ஆறு வாரம் வேறு தெரு வழியாகப் போக முடிந்தால் அதுவே நல்லது. அது அங்கே சட்டப் பாதுகாப்புப் பெற்ற பறவை, கல் எறியக் கூடாது. இந்தியாவிலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. தீங்குயிரிகள் (வேட்டையாடத் தடையில்லாதவை) பட்டியலில் முன்பு காக்கை இருந்தது. 2022-இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது.